போய்ச் சேர்ந்தால் ஒரு ரிங்

1

இது நான் யோசித்த கதை அல்ல. மலையடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியில் ஹபீப் ரஹ்மானின் மிளகு மண்டியில் மழைக்கு ஒதுங்கியபோது, அங்கே உட்கார்ந்திருந்த கோகிலவாணி சொன்னது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘முகில் தவழும் கொல்லிமலையில்’

(அடித்துவிட்டேன். மேலே இருப்பவர்களுக்கு அது துணி காயாத நாள், அவ்வளவுதான்.)

2

எந்த மூட்டை யார் தோட்டத்து மிளகு என்பதை அரியூர் நாட்டு மிளகுக் குழு பிளாக்செயினில் பதிகிறது. அதாவது, ஒரே பதிவேடு பல ஊர்க் கணினிகளில் இருக்கும். யாரும் தனியாகத் திருத்த முடியாது. அப்படிப்பட்ட கணினிக்கு நோடு என்று பெயர். மண்டியில் ஒன்று, மலைமேல் அரியூரில் ஒன்று. அரியூர் நோடு டிபன் பாக்ஸ் அளவுதான். ஆனால் தொடர்ந்து இருபத்து நான்கு மணி நேரம் நின்றுபோனால் பதிவேட்டிலிருந்து குழுவையே நீக்கிவிடுவார்கள். இருநூறு குடும்பங்களின் அந்த வருட மிளகு ஊர்ப் பெயர் இல்லாத மிளகாகிவிடும்.

அதற்குக் காவல் கோகிலவாணி. அவருக்குக் கிழங்குக் காட்டு வேலையும் உண்டு. அதனால் நோடு நின்றால் தானாகவே போனுக்கு அலர்ட் வரும்படி செய்தார். அந்த அலர்ட்டை அனுப்பும் வேலையையும் அதே நோட்டிடம் கொடுத்தார்.*

*இங்கே விவரம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். எனக்குப் புரியவே அரை மணி நேரம் ஆனது.

3

மழையில் ஊர் முழுக்கக் கரண்ட் போனது. பேட்டரி இருக்கிறது, தீர்ந்தால் அலர்ட் வரும் என்று கோகிலவாணி நிம்மதியாகக் கிழங்கு பிடுங்கினார். போன் மூச்சு விடவில்லை. மறுநாள் மதியம் ஹபீப் கூப்பிட்டார்.

“கோகிலா, நேத்து சாயங்காலத்துல இருந்து உங்க நோட்டையே காணோமேம்மா. பதினெட்டு மணி நேரம் ஆச்சு.”

கோகிலவாணி கணவர் பூபதியிடம் ஓடினார்.

“ஏனுங்க, நின்னா சொல்லும்னு நெனச்சனுங்க.”

“நீ சேலம் போறப்ப, பஸ்சு கவுந்தா போன் பண்ணுன்னா சொல்றேன்? போய்ச் சேந்ததும் ஒரு ரிங் உடுன்னுதான சொல்றேன்?”

மலையில் எல்லோரும் அப்படித்தான். எழுபது வளைவும் இறங்கியதும் ஒரு ரிங். எடுக்கக் கூடாது. வராவிட்டால்தான் விசாரிப்பு. கோகிலவாணி கணினிக்கு மட்டும் இந்த வழக்கத்தைச் சொல்லித்தர மறந்துவிட்டார்.

கீழே கரண்ட் இருந்தது. பூபதி நோட்டைச் சாக்கில் சுற்றி, பைக்கில் மண்டிக்குக் கிளம்பினார்.

“வாரேன். ரிங் உடுறேன்.”

4

ஒன்றரை மணி நேரத்தில் ரிங் வந்திருக்க வேண்டும். மூன்று மணி நேரம் ஆனது. கூப்பிட்டுப் பார்த்தால் பூபதிக்கும் லைன் போகவில்லை, ஹபீபுக்கும் போகவில்லை.

(முடிவு ஒன்று: பூபதி சேர்ந்துவிட்டார், ரிங் விட மறந்துவிட்டார். மலைக்காரர்கள் யாரும் இதை நம்பமாட்டார்கள்.)

(முடிவு இரண்டு: முப்பத்தெட்டாவது வளைவில் பூபதியின் வண்டி

எழுத முடியவில்லை. எனக்கு அந்த மனிதரைப் பிடித்துவிட்டது.)

“அப்புறம்?” என்றேன்.

“மொளகாவது மண்ணாவதுன்னு நடந்தே எறங்கிட்டனுங்க. ஒவ்வொரு வளைவுலயும் பள்ளத்த எட்டி எட்டிப் பாத்துக்கிட்டு…”

சொல்லிக்கொண்டிருக்கும்போதே, மண்டியில் என் எதிரில், அவருடைய போன் ஒரே ஒரு முறை அடித்து நின்றது. அவர் எடுக்கவில்லை.

“அவருதானுங்க. இன்னைக்கு வேற சோலியா நாமக்கல் போனாரு, போய்ச் சேந்துட்டாரு” என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

எனக்கு அவ்வளவு நிம்மதி. மிளகுக்குப் பெயர் தங்கியதா என்று கேட்கத் தோன்றவே இல்லை.

5

ஆகவே, மிளகின் முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். முடித்ததும் ஒரு ரிங் விடுங்கள், எடுக்கமாட்டேன். வராவிட்டால் தேடிக்கொண்டு இறங்கி வருவேன்.