முப்பதடிப் பரண்

"முப்பது அடி" என்றார் என் மாமனார் ஹோபர்ட்.

மூக்கில் ஆக்சிஜன் குழாய், மடியில் தட்டு, தட்டில் பாதி கடித்த பெப்பரோனி ரொட்டி. சாய்வு நாற்காலியிலிருந்து எழுந்து குளியலறைக்குப் போய்த் திரும்பினாலே வெகுநேரம் அவருக்குப் பேச்சு வராது. நிலக்கரிச் சுரங்கத்தில் தின்ற கரி, நுரையீரல் முழுக்க அடைத்துக்கொண்டிருந்தது. அப்படிப்பட்டவர், வில்லால் மான் வேட்டையாடும் பருவத்துக்குச் சில நாட்களே இருக்கையில், மரத்தில் உட்கார்ந்து எய்வதற்கான பரணை முப்பது அடி உயரத்தில் கட்டச் சொன்னார்.

நான் சிரித்துவிட்டேன். "மாமா, முப்பது அடின்னா அது பரண் இல்ல. சர்ச்சு கோபுரம்."

"நீ கட்டு. ஏறப்போறது நான்."

"ஏறுறது சரி. இறங்குறது?"

அவர் ரொட்டியைக் கடித்தார்.

பரணை எவ்வளவு உயரத்தில் கட்டுவது என்பது ஆளின் தைரியத்தைப் பார்த்து முடிவு செய்வதல்ல. இலைமறைவு எங்கே அடர்த்தியாக இருக்கிறது, மான்தடம் எவ்வளவு கிட்டத்தில் போகிறது, இந்த இரண்டையும் பார்க்க வேண்டும். எங்கள் வெள்ளை ஓக் மரம் மலைச்சரிவில் நிற்கிறது. தடம் அதன் வேரை உரசிக்கொண்டு போகிறது என்றே சொல்லலாம். பதினைந்து அடிக்குள் உட்கார்ந்தால் அம்பு சாய்வாகப் போய் இரண்டு நுரையீரலையும் துளைக்கும். மான் நாலு தாவலில் விழுந்துவிடும். அதற்கு மேலே போகப் போக அம்பு செங்குத்தாக இறங்கும். முதுகெலும்புக்குப் பக்கத்தில் நுழைந்து ஒரே ஒரு நுரையீரலைக் கிழிக்கும். அந்த மான் உடனே சாகாது. மலை மலையாக அலைந்து, ஏதாவது புதரில் படுத்து, நாள்கணக்கில் இழுத்துக்கொண்டு கிடக்கும். அப்படி ஒரு மானைத் தொலைத்தவன் அந்த வருஷம் வில்லைத் தொடக் கூடாது என்பது லிக் ஃபோர்க் பள்ளத்தாக்கில் எழுதாத சட்டம். அந்தச் சட்டத்தை எல்லோரையும்விடக் கறாராகக் காத்தவர் ஹோபர்ட்தான். அந்த மரத்தில் எத்தனையோ வருஷமாக அவர் பரண் கட்டியதும் பதினைந்து அடியில்தான்.

அன்று மாலை அடுப்படியில் என் மனைவி ட்ரீனா பீன்ஸ் சட்டியைக் கிளறிக்கொண்டே கேட்டாள்.

"அப்பா என்ன சொல்றார்?"

"முப்பதாம்."

"அடியா?" கரண்டி நின்றது. "அவருக்குத்தான் மூளைக்குக் காத்து போகலை, உனக்குமா? தரையில கூடாரம் போடு. உள்ள நாற்காலி போட்டு உக்காரட்டும்."

"கூடாரத்துல இருமினா மானுக்குக் கேக்கும்."

"மரத்து மேல இருமினா கேக்காதோ? மேல இருமினா பறவைன்னு நெனச்சுக்குமா?"

"தரையில உக்கார மாட்டேங்கிறார், ட்ரீனா. அதுக்கு வீட்டுலயே கிடக்கலாம்னு சொல்றார்."

அவள் சோளரொட்டியை அடுப்பிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள். வைத்த வேகத்தில் ரொட்டியில் விரிசல் விழுந்தது. "எங்கப்பாவை நீ உயரத்துல ஏத்தினே, அப்புறம் இந்த வீட்டுக்குள்ள கால் வைக்காதே. அவ்வளவுதான்."

சனிக்கிழமை ஹோபர்ட்டை நாலு சக்கர வண்டியில் உட்கார வைத்து மரத்தடிக்குக் கூட்டிப்போனேன். ஆக்சிஜன் உருளையைக் குழந்தையைப் போலக் காலிடுக்கில் வைத்துக்கொண்டார். மரத்தைப் பார்த்ததும் முகம் தெளிந்தது. இறங்கவில்லை. கைத்தடியால் காட்டினார்.

"அந்த ரெண்டாவது கவட்டை இருக்கு பாரு, அதுக்கு மேல. இந்தப் பக்கம் வேணாம். அந்தப் பக்கமா கட்டு."

அந்தப் பக்கம் என்றால் சரிவின் கீழ்ப்பக்கம். தடம் போவது மேல்பக்கம். கீழ்ப்பக்கத்தில் மான் வருவதில்லை. அங்கே இருப்பது பாறைக் குவியல்.

"தடத்துக்கு முதுகைக் காட்டிக்கிட்டா உக்காருவீங்க?"

"காலை வெயில் கண்ணுல அடிக்குது, மாப்ள."

"சரி. பாதுகாப்பு வார் புதுசு வாங்கியிருக்கேன். மெத்தை வச்சது..."

"வார் வேணாம். நெஞ்சை அமுக்கும். இருக்கிற மூச்சும் போயிடும்."

"உருளையை எப்படி மேல ஏத்துறது? கயிறு போட்டுத் தூக்கவா?"

"அது கீழயே இருக்கட்டும்."

ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. தனித்தனியாகக் கேட்டால் எல்லாமே நியாயம். ஓக்கின் இரண்டாவது கவட்டையை அண்ணாந்து பார்த்தேன். அங்கிருந்து கண் தானாகப் பாறைக்கு இறங்கியது.

"மாமா, அது மானுக்கான உயரம் இல்ல."

"மானுக்குன்னு நான் சொன்னேனா?"

சாதாரணமாகத்தான் சொன்னார், உப்பை இப்படித் தள்ளு என்பதைப் போல. நான் வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். ஒரு மரங்கொத்தி எங்கேயோ தட்டிக்கொண்டிருந்தது.

"எல்வுட் போனதை நீயும்தானே பாத்தே" என்றார்.

பார்த்தேன். எல்வுட் அவரோடு ஒரே சுரங்கத்தில் ஒரே ஷிஃப்டில் வேலை பார்த்தவர். போன குளிர்காலத்தில், முன்னறையில் போட்ட கட்டிலில், தண்ணீருக்கு அடியில் இருப்பவரைப் போல வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு போய்ச் சேர்ந்தார். அவருடைய மனைவி கடைசி நாட்களில் வெளியே வந்து, அந்த மூச்சுச் சத்தம் கேட்காமலிருக்கக் கார் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருப்பாள்.

"மாமா, ட்ரீனாகிட்ட நான் என்ன சொல்றது?"

"பெரிசு பிடிவாதம் பிடிச்சுது, வழுக்கிடுச்சுன்னு சொல்லு. நான் பிடிவாதக்காரன்னு அவளுக்குத் தெரியாதா?" இருமல் வந்தது, அது அடங்கும்வரை கண்ணை மூடியிருந்தார். "நீ எதையும் செய்ய வேணாம்டா. கட்டிட்டு வீட்டுக்குப் போ. ஒரு கூலிக்காரன்கிட்ட கேக்கிற வேலை. அவ்வளவுதான் கேக்கறேன்."

வண்டியைக் கிளப்பினேன். வழியெல்லாம் அவர் ஓக் மரங்களில் காய் எப்படிப் பிடித்திருக்கிறது என்று பேசிக்கொண்டே வந்தார்.

மறுநாள் எல்லோரும் சர்ச்சுக்குப் போன பிறகு நான் மட்டும் ஏறினேன். திருகுப்படிகளை ஒன்றன்மேல் ஒன்றாக மரத்தில் முறுக்கிக்கொண்டே போனேன். பன்னிரண்டு அடியில் நின்றேன். தடம் நேராகத் தெரிந்தது. ஓக் கிளை ஒன்று முதுகுக்கு மறைவாக இருந்தது. பரணை மேல்பக்கமாக வைத்து மரத்தைச் சுற்றிப் பட்டையை இறுக்கினேன். மானுக்கு இதைவிடச் சரியான உயரம் அந்த மரத்தில் இல்லை. பையில் இன்னும் படிகள் மிச்சமிருந்தன. இரண்டாவது கவட்டையை நான் நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

அவர் சொன்னதை ட்ரீனாவிடம் சொல்லவில்லை. "பன்னெண்டு அடிக்குச் சம்மதிச்சுட்டார்" என்று மட்டும் சொன்னேன். அவள் என் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள்.

வேட்டை தொடங்கிய அன்று காலை ஹோபர்ட் மரத்தடியில் நின்று பரணைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"பன்னெண்டா?"

"பன்னெண்டு."

"அதுக்கு நம்ம வீட்டுக் கூரையிலயே உக்காந்திருக்கலாமே" என்றார்.

படிக்குப் படி நின்று ஏறினார். நான் பின்னாலேயே ஏறி வாரை மாட்டி மரத்தோடு பூட்டினேன். கையை உயர்த்தச் சொன்னால் உயர்த்தினார், தாழ்த்தச் சொன்னால் தாழ்த்தினார். சின்னப் பிள்ளைக்குச் சட்டை போடுவதைப் போலிருந்தது. உருளையைக் கயிற்றால் மேலே இழுத்து அவர் பக்கத்தில் தொங்கவிட்டேன். வில்லை இழுக்கத் தோளில் வலுவில்லாததால், விசையை அழுத்தி எய்யும் குறுக்குவில்தான். "துப்பாக்கிக்கும் வில்லுக்கும் கள்ளத்தனமாப் பொறந்தது" என்று வருஷக்கணக்காக ஏசிய அதே குறுக்குவில். நாண் ஏற்றிக் கொடுத்துவிட்டு எதிர்ப்பக்கத்து மரத்தடியில் உட்கார்ந்தேன்.

வெயில் ஏறியபோது ஒரு பெட்டைமான் வந்தது. ஓக் காயைப் பொறுக்கிக்கொண்டு சரியாக அவர் முன்னால் வந்து நின்றது. அவர் இருமவில்லை. எப்படி அடக்கினாரோ தெரியாது. அம்பு பாய்ந்தது. மான் என் கண் முன்னாலேயே மடிந்து விழுந்தது. இரண்டு நுரையீரலும் போயிருந்தன. கால்கூட அதிகம் உதைக்கவில்லை.

நான் எழுந்து மேலே பார்த்தேன். வில் மடியில் கிடக்க, அந்த மானையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு சுளுவாப் போச்சு பாரு" என்றார்.

ட்ரீனா போட்டோ எடுத்தாள், அப்பாவும் மானுமாக. அந்தப் படத்தை எல்லோருக்கும் அனுப்பினாள். அவளுக்கு அன்று இருந்த சந்தோஷத்தை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

பனி விழத் தொடங்கியதும் அவர் நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு வந்தார். முன்னறையில்தான் போட்டோம். முதலில் நடை போயிற்று. பிறகு சாப்பாடு போயிற்று. பிப்ரவரியில் பேச்சே போயிற்று. வேதனையைத் தணிக்க வீட்டுக்கு வரும் செவிலிப் பெண் மருந்தைக் கூட்டிக்கொண்டே போனாள். ஆனாலும் ஒவ்வொரு மூச்சுக்கும் அவர் கழுத்து நரம்புகள் கயிறுபோல எழுந்தன. விலா எலும்புகளுக்கு நடுவே தோல் குழிவிழுந்தது. கண் மட்டும் தெளிவாக இருந்தது. அதுதான் கொடுமை. மருந்து அந்தக் கண்ணை எட்டவில்லை.

ஒருநாள் நானும் ட்ரீனாவும் இரண்டு பக்கமும் இருக்கையில் அவர் கையை மெல்லத் தூக்கினார். உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்து, இன்னும் மேலே, இன்னும் மேலே என்று காட்டினார். கண் என்மேல் இருந்தது.

"தலையை உயர்த்தணுமா அப்பா?" ட்ரீனா கட்டிலின் கைப்பிடியைச் சுற்றினாள். "இவ்வளவு போதுமா? இன்னுமா?"

கை காட்டிக்கொண்டே இருந்தது. அவள் சுற்றிக்கொண்டே இருந்தாள். கட்டிலின் தலைமாடு அதற்குமேல் எழும்பாது என்றான பிறகும் கை இறங்கவில்லை. நான் அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

மார்ச் பிறந்தபோது போனார். எல்வுட் இழுத்துக்கொண்டு கிடந்ததைவிட அதிக நாள் கிடந்தார்.

பட்டைகளை வெயிலிலும் மழையிலும் விட்டால் இற்றுப்போகும் என்பதால் பரணைக் கழற்ற ஏப்ரலில் போனேன். நானும் வருகிறேன் என்று ட்ரீனா வந்தாள். ஓக் இன்னும் துளிர்க்கவில்லை. மொட்டைக் கிளைகளுக்கு நடுவே வானம் தெரிந்தது. அவள் மரத்தைச் சுற்றி நடந்தாள். கீழ்ப்பக்கம் வந்ததும் பாறைகளைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"எந்தப் பக்கம் கட்டச் சொன்னார்?"

நான் கையால் காட்டினேன்.

"வார் வேணாம்னாரா?"

"ஆமா."

"நினைச்சேன்" என்றாள். "அன்னிக்கு முப்பதுன்னு நீ சொன்னதுமே நினைச்சேன். எனக்கு வேட்டை தெரியாதா? நானும் இந்த மரத்துல உக்காந்தவதானே."

நான் மரத்தில் கை வைத்தேன்.

"நீ மட்டும் கட்டியிருந்தா உன் முகத்துல முழிச்சிருக்க மாட்டேன், லோவெல். சாகிறவரைக்கும்." கைகளைக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டாள். "ஆனாலும் நீ கட்டியிருக்கணும்."

காற்று அடித்தது. நான் முதல் படியில் கால் வைத்தேன்.

"கீழ நிக்காதே, தள்ளி நில்லு" என்றேன். "பரண் கனம்."

அவள் தள்ளி நிற்கவில்லை. நான் மேலே ஏறிப் பட்டையை அவிழ்த்தேன்.