அம்மா சத்தமாக வாசிக்கப்போகும் கதை

1

நேற்று அப்பா போனில் சொன்ன ஒரு வரிதான் இந்தக் கதைக்கு விதை. "பெரியவதான் படிச்சு தூரமா போயிட்டா. சின்னவளாவது வீட்டோட இருக்கட்டும்."

பெரியவள் நான். வெளிநாட்டில் ஏசி மெக்கானிக். கையெல்லாம் கிரீஸ். அதனால் மொட்டைமாடியில், அவுட்டோர் யூனிட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாயால் சொல்கிறேன், போன் எழுதுகிறது. சின்னவளுக்கு மரைன் இன்ஜினியரிங்கில், அதாவது கப்பல் இன்ஜின் படிப்பில், சீட் கிடைத்திருக்கிறது. சேர்கிறாளா இல்லையா என்று நாளைக்குள் சொல்ல வேண்டும்.

2

முதல் தொடக்கம்: "கொடுமைக்கார அப்பா ஒருவர் தன் மகளை"

[நிறுத்திவிட்டேன். எனக்கு சைக்கிள் பழக்க, சீட்டைப் பிடித்துக்கொண்டு தெருத்தெருவாக மூச்சிரைக்க ஓடிய மனுஷன். வில்லன் வேஷம் பொருந்தாது. பெண் அதிகம் படித்தால் வீட்டில் யாரையும் மதிக்க மாட்டாள் என்று அவருக்கு யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள்.]

அடுத்த தொடக்கம்: "தங்கை அழுதாள்."

பொய். அவள் என்னிடம் சொன்னது இது: "அக்கா, நான் போனா அந்த இன்ஜினுக்குத்தான் பயம் வரணும்." எனக்குக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளத் தோன்றியது.

3

அம்மா பாத்திரம்தான் பிடிபடவில்லை. எதைக் கேட்டாலும், "எனக்கென்ன தெரியும், அப்பாவைக் கேளு." பத்தாவதோடு நிறுத்தப்பட்டவள். ஒன்றும் தெரியாதவள் என்று வீடே சொன்னது, அவளும் நம்பிவிட்டாள்.

ஆனால் என்னை பாலிடெக்னிக்கில் சேர்க்க அப்பா மறுத்த அன்று, அடுப்பை அணைத்துவிட்டு வந்து, "அவ போகட்டும்" என்றாள். இரண்டே வார்த்தை. அதனால்தான் நான் இந்த மாடியில் இருக்கிறேன். சொன்னதை அவளே மறந்துவிட்டாள். நான் இங்கே பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டிருக்கிறேன்.

4

முடிவு ஒன்று: அப்பா மனம் மாறுகிறார். (சினிமா.)

முடிவு இரண்டு: தங்கை சொல்லாமல் கிளம்புகிறாள். (ஒளிந்து போக அவள் என்ன திருடியா?)

முடிவு மூன்று: அம்மா வாயைத் திறந்து, "இங்க பாருங்க, அவ"

[அழித்துவிட்டேன். அம்மா வாயில் நானே வசனத்தை வைத்தால், எனக்கும் அந்த வீட்டுக்கும் என்ன வித்தியாசம்?]

5

அனுப்பலாமா வேண்டாமா என்று பட்டன் மேல் விரலை வைத்து வைத்து எடுக்கிறேன். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் எது வந்தாலும் அம்மாதான் அப்பாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுவாள். அவருக்குக் கண்ணாடி போடச் சோம்பல். ஆக, அனுப்பினால் இவ்வளவையும் அப்பா அம்மாவின் குரலில்தான் கேட்டுக்கொண்டிருப்பார். தங்கை கதவோரம் நிற்பாள்.

அம்மா, இதுக்கு மேல நான் எழுதல. போனைக் கீழ வெச்சிட்டு, உனக்குத் தோணுறத நீயே சொல்லு.

அதுக்கு முன்னாடி இந்த ஒரு வரியை மட்டும் வாசிச்சிடு:

அப்பா, அம்மா பேசி முடிக்கிற வரைக்கும் குறுக்க பேசாதீங்க.