இரண்டாவது அங்க அடையாளம்

1

இந்தக் கதை ஒரு தேநீர்க் குவளையிலிருந்து பிறந்தது. அதை மறைப்பதில் பயனில்லை. சூன் மாதத்தின் முதல் வாரம், தக்கலையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு நடுநிலைப் பள்ளியின் தலைமையாசிரியர் அறை, வெளியே மழை, என் கையில் தேநீர். என் சட்டைப்பையில், அச்சகத்திலிருந்து அப்போதுதான் வாங்கிய துண்டறிக்கை. 'கேள்வி கேட்கும் தலைமுறை' என்று அதில் பெரிய எழுத்தில் இருந்தது. பள்ளி திறந்ததும் அங்கே மாணவர் மன்றத்தில் அந்தத் தலைப்பில் பேசவிருந்தவன் நான். அந்த அறையில், என் கண்முன், பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி கேள்வி கேட்டாள். நான் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

ஆறு மாதமாக இதைக் கதையாக்க முயல்கிறேன். கதையாகிவிட்டால் நான் அதற்கு வெளியே நின்றுகொள்ளலாம் என்ற நப்பாசைதான் காரணம். மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

'பள்ளி மணி ஒலித்தது. அவளுக்காக ஒலித்த கடைசி மணி அது என்பதை—'

(நிறுத்தினேன். விடுமுறையில் மூடிக் கிடந்த பள்ளியில் மணி எதற்கு ஒலிக்கும்?)

'அறிவாலயங்கள் என்று நாம் அழைக்கும் இந்தக் கட்டடங்களே, உங்களை நோக்கி ஒரு வினா—'

(இது மேடையில் பலமுறை கைதட்டல் வாங்கிய வரி. தாளில் வைத்துப் பார்த்தபோது அதற்கு வெட்கமே இல்லை என்று தெரிந்தது.)

மூன்றாவது தொடக்கம் ஷைஜாவின் பாவாடை. அது நிற்கிறது.

2

ஷைஜாவின் சீருடைப் பாவாடை ஆறாம் வகுப்பில் தைத்தது. உள்ளே மடித்துத் தைத்திருந்த இரண்டு சுற்றையும் பிரித்துவிட்டாயிற்று. பிரித்த இடங்களில் புதுத்துணியின் நிறத்தில் இரண்டு கோடுகள் ஓடின. அப்படியும் அது முழங்காலுக்குக் கீழே இறங்க மறுத்தது. விடுமுறையில் எதற்குச் சீருடை என்று அவள் கேட்டதற்கு, "சாரப் பாக்கப் போவும்ப யூனிபாரம் போட்டாத்தான் மரியாத" என்றாள் அம்மா செல்லபாய்.

ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புவரை அந்த ஒரே பள்ளி. எந்தக் குழாயை உதைத்தால் தண்ணீர் வரும், எந்தப் பெஞ்சின் ஆணி துணியைக் கிழிக்கும், எந்தச் சன்னலோரம் மழைச்சாரல் அடிக்கும் என்பதெல்லாம் அவள் உடம்புக்கே தெரியும். எட்டோடு அந்தப் பள்ளி முடிகிறது. நாகர்கோவிலில் ஒரு பெரிய பள்ளி அவளுக்கு ஒன்பதாம் வகுப்பில் இடம் தந்திருந்தது. அன்று மாலை நான்கு மணிக்குள் மாற்றுச் சான்றிதழைக் கொடுக்க வேண்டும். தவறினால் இடம் அடுத்தவருக்கு. வந்த காரியம் அவ்வளவுதான்.

தலைமையாசிரியர் செல்வதாஸ் கணினியில் கட்டம் கட்டமாக நிரப்பிக்கொண்டே வந்தார். அங்க அடையாளங்கள் என்ற இடம் வந்தது. இரண்டு எழுத வேண்டும். ஒன்றைக் காலியாக விட்டால் கணினி அடுத்த பக்கத்துக்குப் போகாது. ஒன்றாம் வகுப்பில் சேர்த்தபோது கழுத்து மச்சத்தோடு நிறுத்தியிருந்தார்கள். அன்று தாள் அதைப் பொறுத்துக்கொண்டது.

"ஒண்ணு, கழுத்தின் வலப்புறம் ஒரு மச்சம்," என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டினார். பிறகு ஷைஜாவை ஒருமுறை பார்த்தார். அவள் இடது கையைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். "ரெண்டு, வலது முழங்காலில் ஒரு மச்சம்."

"எனக்கு முழங்கால்ல மச்சம் கெடையாது சார்."

"ஒனக்குத் தெரியாம இருக்கும் பிள்ளே."

"எனக்க முழங்காலு எனக்குத் தெரியாதா சார்?"

செல்வதாஸ் சிரித்தார். நானும் சிரித்தேன். (இந்த வாக்கியத்தை நான்கு முறை அடித்து, நான்கு முறை திரும்ப எழுதியிருக்கிறேன்.) ஷைஜா சிரிக்கவில்லை. இடது கையை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். புறங்கையின் குறுக்கே, சுண்டுவிரலின் அடியிலிருந்து மணிக்கட்டுவரை, வெளுத்துத் தடித்த ஒரு தழும்பு.

"இத எழுதுங்க சார்."

3

அந்தத் தழும்பின் வரலாறு சுருக்கமானது. ஐந்தாம் வகுப்பில் வகுப்பறையைப் பெண்கள்தாம் பெருக்குவார்கள். ஒரு வெள்ளிக்கிழமை ஷைஜா கையிலிருந்த வாரியலைக் கீழே வைத்துவிட்டு, "பயலுவளும் ஒரு நாளு தூத்தட்டும் சார்" என்றாள். வகுப்பு சிரித்தது. அப்போது வகுப்பாசிரியராக இருந்த செல்வதாஸின் கையில் இரும்பு அடிக்கோல் இருந்தது. தட்டையாகத்தான் இறக்கினார். விளிம்பாக விழுந்தது.

மருத்துவமனையில் ஐந்து தையல். 'மதில் கம்பி கிழித்தது' என்று எழுதிக்கொடுக்கப்பட்டது.

(இந்த இடத்தில் செல்வதாஸை ஓர் அரக்கனாக்க என் கை துடித்தது. மீசை வைத்துப் பார்த்தேன், பொருந்தவில்லை. ரப்பர் ஷீட்டை நான்காக மடித்துப் பின்னம் கற்றுக்கொடுத்தவர் அவர். அந்த வெள்ளிக்கிழமை அவளைத் தோளில் போட்டுக்கொண்டு மழையில் ஓடியவரும் அவரே. நாகர்கோவில் பள்ளிக்கு அவளுக்காகக் கடிதம் எழுதியதும் அவர்தாம். அடித்தவர் கெட்டவராக இருந்தால் அவளுக்கு எளிதாக இருந்திருக்கும். எனக்கும்.)

"ஷைஜா," என்றார் செல்வதாஸ், குரலைத் தாழ்த்தி. "அன்னைக்கு ஒன்னத் தூக்கிட்டு ஓடுனது நானாக்கும்."

"தெரியும் சார். திராட்ச ஜூஸும் வாங்கித் தந்திய."

"பின்ன என்ன மோளே?"

"கழுத்து மச்சம் எனக்க அம்ம தந்தது. இது பள்ளிக்கூடம் தந்தது. பள்ளிக்கூடத்துப் பேப்பர்ல இது வரண்டாமா?"

அவள் 'அடித்த தழும்பு' என்று எழுதச் சொல்லவில்லை என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். 'இடது புறங்கையில் ஒரு தழும்பு' என்றால் போதும். எப்படி வந்தது என்ற கட்டம் அந்தப் படிவத்தில் கிடையாது. ஆனால் புதுப்பள்ளியில் யாராவது கேட்பார்கள். அவள் உள்ளதைச் சொல்வாள். அது செல்வதாஸுக்குத் தெரியும். முழங்காலை யாரும் கேட்க மாட்டார்கள். பெண்பிள்ளையின் முழங்காலைச் சோதிக்க எந்த எழுத்தருக்கும் துணிவிருக்காது. எத்தனை யோசித்து அந்த மச்சத்தை அங்கே வைத்திருக்கிறார் பாருங்கள். கதை எழுதுகிற எனக்கு அந்தக் கற்பனை வராது.

4

செல்லபாயைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது.

முதல் வரைவில் அவள் எழுந்து, 'எனக்க பிள்ளய அடிச்சிட்டு எனக்கிட்டயே பொய்யா' என்று கேட்கிறாள். அழகான வரி. ஒரே குறை: அதை அவள் சொல்லவில்லை. அவள் சொன்னது இது:

"இருக்கு சாரே. முழங்கால்ல, சின்னதா. நான் பெத்தவ எனக்குத் தெரியாதா."

ஷைஜா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு ஓர் உவமை தேடினேன். கிடைத்தவையெல்லாம் மேடை உவமைகள். விட்டுவிட்டேன்.

தன் பிள்ளையின் உடம்பில் இல்லாததை இருக்கிறது என்று ஒரு தாய் ஏன் சொல்கிறாள்? அவள் விரல்களைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது. செல்லபாய் இருபது ஆண்டுகளாக அண்டியாபீஸில்* கொட்டை உடைப்பவள். ஓட்டின் எண்ணெய் பட்டுப் பட்டு விரல்நுனிகள் கருத்து, உரிந்து, வழுவழுத்துவிட்டன. ரேஷன் கடையில் இயந்திரத்தின்மேல் பத்து விரலையும் மாற்றி மாற்றி வைப்பாள். "ரேக விழல்லியே அக்கா, நீங்கதான்னு மிஷின் சொல்லல்ல" என்பான் கடைக்காரன். தான் தானே என்று நிறுவ முடியாமல் வரிசையிலிருந்து விலகி நின்றவள் அவள். உடம்பு என்ன சொல்கிறது என்பதை யாரும் கேட்பதில்லை, தாள் சொல்வதைத்தான் கேட்பார்கள் என்பதை அவள் எவரிடமும் பாடம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

"ஏட்டி, நாலு மணிக்குள்ள போவாண்டாமா? அடையாளம் இல்லாம நிக்கது என்ன பாடுன்னு ஒனக்குத் தெரியாது," என்றாள் மகளிடம், எங்களுக்கும் கேட்கும்படி.

(* முந்திரிக்கொட்டை ஆலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர். ஆபீஸ் என்றால் நாற்காலி இருக்கும் என்று எண்ணுபவர்கள் ஒருநாள் போய்ப் பார்க்கலாம்.)

5

கணினி இரண்டாவது கட்டத்தை ஏற்றுக்கொண்டது. அச்சுப்பொறி தாளைத் துப்பியது. கீழே பெற்றோரும் மாணவரும் கையொப்பமிட வேண்டிய உறுதிமொழி. செல்லபாய் எழுத்துக்கூட்டித் தன் பெயரைப் போட்டாள். ஷைஜா பேனாவை வாங்கி, கையெழுத்திடாமல், உறுதிமொழியை உரக்கப் படித்தாள். வாசிப்புப் போட்டியில் படிப்பதுபோல, நிறுத்தங்களோடு:

"மேற்கண்ட விவரங்கள் சரியானவை என்றும், எதிர்காலத்தில் இவற்றில் மாற்றம் எதுவும் கேட்க மாட்டேன் என்றும் உறுதியளிக்கிறேன்."

பிறகு கேட்டாள்: "எதிர்காலம்னா எதுவரைக்கும் சார்?"

செல்வதாஸ் என்னைப் பார்த்தார். "அண்ணாச்சி, நீங்க ஒண்ணு சொல்லுங்க" என்றார். அவருக்கு அப்போது ஒரு துணை தேவைப்பட்டது. அவளுக்கும் ஒரு துணை தேவைப்பட்டது. அந்த அறையில் மீதமிருந்த ஒரே மனிதன் நான்.

'அவர் எழுந்தார். தேநீர்க் குவளையை மேசைமேல் ஓசையெழ வைத்தார். "இந்தக் குழந்தையின் கை பொய்யென்றால் இந்தப் பள்ளியின் சுவர்களும்—"'

(பொய். இரண்டாம் வரைவில் இந்தப் பேச்சு ஒன்றரைப் பக்கம் ஓடியது. மழை நின்றது, செல்வதாஸ் கண்ணீர் விட்டார், செல்லபாய் கைகூப்பினாள். எழுதும்போது எனக்கே மெய்சிலிர்த்தது. அந்தச் சிலிர்ப்புதான் என்னைக் காட்டிக்கொடுத்தது.)

துண்டறிக்கைகளைப் படித்து எழுத்தறிந்தவன் நான். ஒரு தாள் ஊரைத் திருப்பும் என்று நாற்பது ஆண்டுகளாக ஒலிபெருக்கியின் முன் சொல்லி வருபவன். ஷைஜாவிடம் நான் சொன்னது:

"வெறும் பேப்பர்தான மக்கா. போட்டுரு."

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டைப்பையிலிருந்து பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்த துண்டறிக்கையைப் பார்த்தாள். தலைப்பை மெதுவாக உதடசைத்துப் படித்தாள் என்று நினைக்கிறேன். பிறகு கையெழுத்திட்டாள். ஷை என்ற எழுத்து மட்டும் தாளைச் சற்றுக் கிழித்தது.

6

வேறு முடிவுகளும் என்னிடம் உண்டு.

அவள் சான்றிதழைக் கிழித்தெறிவது ஒன்று. நாடக மேடையில் திரை விழ ஏற்ற இடம். ஆனால் கைதட்டிவிட்டு வீடு திரும்புகிற எவரும் நான்கு மணிக்குள் அவளுக்கு நாகர்கோவிலில் இடம் வாங்கித்தரப் போவதில்லை. பதினைந்து ஆண்டுகள் கழித்து அவள் அதிகாரியாகி அதே பள்ளிக்கு ஆய்வுக்கு வருவது இன்னொன்று. அதை ஒரு வாரப்பத்திரிகை விரும்பி வாங்கிக்கொள்ளும். செல்வதாஸ் அன்றிரவே—

(வேண்டாம்.)

நடந்தது இதுதான். கதையில் நான் எதையும் கூட்டிச் சேர்க்காத ஒரே பகுதி.

அவர்கள் போன சிறிது நேரத்தில் நானும் கிளம்பினேன். பேருந்து நிறுத்தத்தின் கூரைக்குக் கீழே தாயும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். நான் எதிரே கடையோரம் குடைக்குள் நின்றேன். அந்தக் குடை மழைக்காக மட்டும் விரிக்கப்பட்டதன்று. சான்றிதழ் பிளாஸ்டிக் உறைக்குள் செல்லபாயின் மடியில் இருந்தது. ஷைஜா பையிலிருந்து பேனாவை எடுத்தாள். வலது முழங்காலை ஈரம் போகப் பாவாடை நுனியால் துடைத்தாள்.

"சின்னதா, பெரிசாம்மா?"

செல்லபாய் முதலில் புரியாமல் பார்த்தாள். புரிந்ததும் அவள் அழுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். "சின்னதான்னுதான சாரிட்ட சொன்னேன்," என்றாள். கொஞ்சம் கழித்து, "நல்லா அழுத்தி வை. மழையில அழிஞ்சிரும்."

ஷைஜா ஒரு புள்ளி வைத்தாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள். மேலே இன்னொருமுறை அழுத்தினாள். "இப்ப சரியான விவரம்," என்று அம்மாவிடம் காட்டினாள். இருவரும் சிரித்தார்கள். தாய் முதலில் நிறுத்தினாள்.

நாகர்கோவில் பேருந்து வந்தது. அவள் ஏறும்போது இடது கையால் கம்பியைப் பிடித்தாள். தழும்பு தெரிந்தது. அதன் பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை.

மன்றத்தில் நான் பேசினேன். நன்றாகப் பேசினேன் என்றார்கள்.

7

அந்த மைப்புள்ளி எத்தனை நாள் நின்றிருக்கும்? பத்தாம் வகுப்பில் இந்த அடையாளங்களை அப்படியே பெயர்த்தெழுதுவார்கள். ஒவ்வொரு முறையும் அவள் முழங்காலில் பேனாவை அழுத்துவாளா, அல்லது ஒருநாள் யாரோ ஓர் எழுத்தரின் மேசையில் இடது கையைக் கவிழ்த்து வைப்பாளா? எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல எழுதும் உரிமையை அந்த அறையிலேயே நான் இழந்துவிட்டேன்.

ஆகவே படிவத்தை உங்களிடம் தருகிறேன். இரண்டாவது இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். கணினி விடாது, தாள் விடும். நிரப்பிய பின் கீழே இருப்பதை, அவள் படித்ததுபோல, ஒருமுறை உரக்கப் படியுங்கள்.

அங்க அடையாளங்கள்:

1. கழுத்தின் வலப்புறம் ஒரு மச்சம்.

2. ........................................

மேற்கண்ட விவரங்கள் சரியானவை என்றும், எதிர்காலத்தில் இவற்றில் மாற்றம் எதுவும் கேட்க மாட்டேன் என்றும் உறுதியளிக்கிறேன்.

வாசகர் கையொப்பம்: ........................