அக்காவின் விலாசம்

...அக்கா சந்தோஷப்படுவாள் என்றுதானே அந்த அட்டைகளை அச்சடித்தாள், வேறென்ன நினைப்பில் அச்சடித்திருக்கப் போகிறாள், தங்கை துணியை மண்ணெண்ணெயில் நனைத்து உருளையில் ஒட்டியிருந்த கறுப்பு மையைத் துடைத்துக்கொண்டிருந்தாள், ஹாலில் அக்கா சூட்கேஸ் ஜிப்போடு மல்லுக்கட்டும் சத்தம், போய் ஒரு கை கொடுக்கலாம், ஆனால் கையெல்லாம் மை... கழுவ எவ்வளவு நேரம் ஆகிவிடும்? புருஷனோடு ஒத்துவராமல் ஒரு பெட்டியும் தையல் மிஷினுமாக வந்து இறங்கிய அன்று அக்கா இந்த அச்சு அறையைக் காட்டி, "அந்த ரூம்ல ஒரு ஓரமா படுத்துக்கட்டுமாடி?" என்றுதான் கேட்டாள், இவள் யோசிக்கக்கூட இல்லை, "ஐயோ வேணாம்க்கா, உள்ள பூரா ஈய எழுத்து, மண்ணெண்ணெய் வாடை, உடம்புக்கு ஆகாது" என்றுவிட்டாள், பொய்யில்லை, ஆனால் அதுவா காரணம்? பகலெல்லாம் ஆபீஸில் யார் யாரோ சொல்வதைத் தட்டச்சு செய்துவிட்டு வந்து, மேசை மேலிருக்கும் இந்தச் சின்ன அச்சு இயந்திரத்தின் கைப்பிடியை இறக்கினால்தான் அவளுக்கு மூச்சே வருகிறது, இதை யாரிடம் சொல்வது, கேட்டவர்கள் காறித் துப்பமாட்டார்களா, கூடப்பிறந்தவள் சோபாவில் காலை மடக்கிக்கொண்டு படுக்கிறாள், இரும்புக்குத் தனி அறையா என்று...

போன வாரம் சாப்பிடும்போது அக்கா, "லேடீஸ் ஹாஸ்டல் ஒண்ணு பாத்துட்டு வந்தேன், யோசிக்கணும்" என்றாள், யோசிக்கணும் என்று மட்டும்தான் சொன்னாள், இவளோ அது எந்தத் தெரு என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டு வைத்துக்கொண்டு, கை காய்ந்ததும் காயாததுமாக எழுத்து கோக்க உட்கார்ந்துவிட்டாள், 'துணிகள் அளவெடுத்துத் தைத்துத் தரப்படும்', அதன் கீழே அக்காவின் பெயர், அதற்கும் கீழே ஹாஸ்டல் விலாசம், ஒரு எழுத்துகூட மங்கவில்லை, நேற்று கட்டாகக் கட்டிக் கொடுத்தபோது அக்கா ஓர் அட்டையை உருவி, அழுந்திய எழுத்துகளை விரலால் மெல்லத் தடவினாள், கடைசி வரிக்கு வந்ததும் விரல் நின்றது. "அட்ரஸ்கூடப் போட்டுட்டியா?" என்று சிரித்தாள், கோபப்பட்டிருந்தால் தேவலை... "மாத்தி அடிச்சிடலாம்க்கா, நீ இங்கயே இரு" என்பது தொண்டை வரை வந்தது, சத்தியமாக வந்தது, அப்புறம் ஏன் பேப்பர் நல்ல பேப்பர் என்று பேசிக்கொண்டிருந்தாள்?

வாசலில் டாக்ஸி ஹார்ன் அடித்தது. "வரேண்டி, மை கையோட கட்டிப் பிடிக்காத, டிரெஸ்ஸெல்லாம் கறையாயிடும்" என்றாள் அக்கா, தங்கை முழங்கைகளால் தையல் மிஷினை அணைத்துத் தூக்கிக்கொண்டு போய் வண்டியில் வைத்தாள், "ஞாயித்துக்கிழமை வரேன்க்கா" என்றாள், "வேலையிருந்தா வேணாம்டி, அலையாத" என்று அக்கா கண்ணாடியை ஏற்றினாள், வண்டி தெருமுனையில் திரும்பியது. மாடியேறி வந்து சோபாவில் உட்கார்ந்தாள், அக்காவின் போர்வை நான்காக மடித்து ஓரத்தில் இருந்தது, இப்போது அழுகை வரும், வரட்டும், வந்தால் கொஞ்சம் தேவலையாக இருக்கும் என்று காத்திருந்தாள்... வந்தது பசி, ஒரு மாதமாக மரத்துக் கிடந்த வயிற்றில் சின்ன வயதில் விளையாடிவிட்டு வரும்போது எடுக்குமே, அப்படியொரு நல்ல பசி.