வெயிலில் மாட்டிய பாசி

நான் லீவு போட்டது ஊர் சுற்ற அல்ல, அக்காவின் காது ஆபரேஷனுக்கு. பாதி ஆயுளைக் கடலுக்கடியில் கழித்தவள் அவள். பாறை பாறையாக மூழ்கிப் பாசி எடுத்து, செடிகளையும் பாசிகளையும் தாளில் ஒட்டிப் பாதுகாக்கும் எங்கள் காப்பகத்துக்குக் கொடுத்தவள். ஆபரேஷன் செய்தும் காது பழையபடி ஆகவில்லை. இனித் தண்ணீரில் இறங்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கத்திப் பேசினால்தான் அவளுக்குக் கேட்கும். அவளும் கத்தித்தான் பேசுவாள்.

காப்பகத்தின் புது மண்டபத் திறப்பு விழாவுக்கு அவளைச் சிறப்பு விருந்தாளியாக அழைத்திருந்தார்கள். "விழா எல்லாம் எனக்கு எதுக்குடி?" என்றாள் அன்று காலை. "என் செவப்புப் பாசிய ஒரு தடவ பாத்துட்டு வந்துடறேன். இனிமே கடலுக்குள்ள போயா பாக்கப் போறேன்?"

அதனால் லீவு முடிந்து வேலைக்கு வந்ததும் நான் முதலில் திறந்தது அந்தப் பாசி இருக்கும் அலமாரியைத்தான். உறை இருந்தது. உள்ளே பாசி ஒட்டிய தாள் இல்லை.

அந்தப் பாசி வளர்ந்த பாறை இப்போது துறைமுகச் சுவருக்கு அடியில் புதைந்து கிடக்கிறது. வேறெங்கும் இன்னும் யாருக்கும் கிடைக்கவில்லை. இருப்பது அந்த ஒரே தாள். அதில் பாசியை ஏற்றியவள் நான். தட்டில் கடல்நீர் ஊற்றி, பாசியை மிதக்கவிட்டு, அடியில் தாளை நுழைத்து, நூல் நூலாக இருக்கும் கிளைகளைத் தூரிகையால் பிரித்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினேன். பசையே வேண்டாம், தன் பிசுபிசுப்பிலேயே ஒட்டிக்கொள்ளும். பீட்ரூட் நறுக்கிய கை மாதிரி அப்படி ஒரு சிவப்பு! வெளிச்சம் மட்டும் படக்கூடாது. பட்டால் நிறம் போய்விடும், போனால் திரும்பாது. எங்கள் கட்டிடத்தில் இது தெரியாத ஒரே ஆள் புதிதாக வந்த இயக்குநர்.

புது மண்டபத்தில், ஜன்னலுக்கு நேர் எதிரே, கண்ணாடி போட்ட ஃப்ரேமுக்குள் தொங்கியது என் பாசி. காய்ந்த வெங்காயத் தோல் நிறத்தில்! போதாக்குறைக்கு மேலே ஒரு விளக்கு வேறு. அங்கேயே விழா ஏற்பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்த இயக்குநரிடம் நேரே போனேன்.

"யாரக் கேட்டு சார் இத எடுத்தீங்க?"

"அழகான பொருள இருட்டுல பூட்டி வச்சு யாருக்கு என்னம்மா பிரயோஜனம்?" இயக்குநர் சிரித்தார். "நாலு பேர் பாக்கட்டுமே."

"பாக்க இப்ப என்ன சார் மிச்சம் இருக்கு? வெளுத்தே போச்சு."

"லைட் கலரும் ஒரு மாதிரி நல்லாத்தான் இருக்கு. உங்களுக்கு ரொம்ப உறுத்துச்சுன்னா, உங்ககிட்டதான் தூரிகை இருக்கே, கொஞ்சம் செவப்பு தொட்டு விடுங்களேன். யாருக்குத் தெரியப் போகுது?"

கேட்டீர்களா அநியாயத்தை! "மேக்கப் போடவா சார் நான் வேலைக்கு வந்தேன்?" என்று வாய்வரை வந்தது, வெளியேயும் வந்துவிட்டது. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதற்குள் வாசலில் கார்கள் வந்துவிட்டன. முதல் காரிலிருந்து அக்கா இறங்கினாள். நல்ல புடவை கட்டியிருந்தாள்.

இயக்குநர் மைக்கைப் பிடித்து, இந்த அம்மாவின் அரிய பாசியை இன்று முதல் ஊரே பார்க்கப் போகிறது என்று முழங்கினார். எல்லாரும் கை தட்டினார்கள். அக்கா ஃப்ரேமுக்குக் கிட்டே போனாள். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"இது என்னோடது இல்ல!" மண்டபமே அதிர்ந்தது. "என்னோடது செவப்பு. எங்கடி அது?"

கைதட்டல் நின்றது. "அப்புறம் சொல்லிக்கலாம், வெளிய கூட்டிட்டுப் போங்க," என்று இயக்குநர் என்னிடம் கிசுகிசுத்தார்.

எதற்குப் போக வேண்டும்? "உன்னோடதுதான் அக்கா!" என்று அடித்தொண்டையிலிருந்து கத்தினேன். "வெயில்ல மாட்டி வெளுக்க வச்சுட்டாங்க!"

"போடி! என் பாசி எனக்குத் தெரியாதா? உள்ள போய் நல்லாத் தேடு."

நான் ஃப்ரேமை ஆணியிலிருந்து இறக்கினேன். "ஏம்மா, ஏம்மா" என்று இயக்குநர் பதறப் பதற, பின்பலகையைக் கழற்றித் தாளை வெளியே எடுத்தேன். அழகுக்காகச் சுற்றிலும் ஓர் அட்டை விளிம்பு வைத்திருந்தார்கள். அது மறைத்த இடத்தில், பாசியின் அடித்தண்டில், ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் அதே சிவப்பு இருந்தது.

அக்கா அதைப் பார்த்தாள். இவ்வளவு நேரமும் வேறு ஏதோ தாள் என்று நம்பிக்கொண்டிருந்த முகம் அப்படியே வாடிப்போய்விட்டது.

"இதுதான்," என்றாள். அவள் மெதுவாகப் பேசி நான் கேட்டு எவ்வளவோ நாளாகிறது. அப்புறம் என்னைப் பார்த்து, "யாரு செஞ்சது?" என்றாள்.

இயக்குநர் என் பக்கத்தில் வந்து நின்றார். "ப்ளீஸ், சத்தம் போடாதீங்க. எதுவானாலும் மெதுவா சொல்லுங்க."

"மெதுவா சொன்னா அவளுக்குக் கேக்காது சார்," என்று சொல்லி, அவர் கையிலிருந்த மைக்கை வாங்கிக்கொண்டேன்.