வலது கையைப் பார்த்து எழுதிய இடது கை

அம்மா இடது கைக்காரி. அப்பா வலது கைக்காரர். பிள்ளை யார் பக்கம் என்ற சண்டை வீட்டில் வராதிருக்க நான் இரண்டு கையாலும் எழுதப் பழகினேன். பல்கலைக்கழகத்தில் ஆங்கிலமும் தத்துவமும் சேர்த்து எடுத்ததும் அதே குணத்தால்தான் என்பாள் அக்கா. அப்படி இல்லை. ஆங்கில வகுப்பில் ஒரு துயரத்தை அழகாகச் சொல்லக் கற்றுக்கொண்டு வெளியே வந்தால், துயரம் என்றால் என்ன என்று கேட்க ஆள் வேண்டியிருந்தது. தத்துவ வகுப்பில் அதைக் கேட்டுக் கேட்டுத் தொண்டை வறண்டால், யாராவது ஒரு கதையாகச் சொன்னால் தேவலை என்றிருந்தது. ஒன்றை விட்டால் இன்னொன்று எனக்கு அரை மூச்சுதான்.

இந்த இரட்டைப் படிப்பில் நான் ஒருவன்தான். அதனால் தேர்வு அட்டவணை போட்டபோது இரண்டு துறைக்கும் என் ஞாபகம் வரவில்லை. இரண்டு தாளும் ஒரே காலையில், ஒரே நேரத்தில் வந்து விழுந்தன. தேர்வு அதிகாரியிடம் முறையிட்டேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"ரெண்டு கையாலயும் எழுதுவியாமே?"

"எழுதுவேன் சார்."

"அப்புறம் என்ன குறை? போய் எழுது."

எழுதினேன். வலது கைக்குத் தத்துவம், இடது கைக்கு ஆங்கிலம். கேள்வித்தாள்களைக் கண்கள் ஆளுக்கு ஒன்றாகப் பங்கு போட்டுக்கொண்டன. எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. பருந்து என்று நாங்கள் பெயர் வைத்திருந்த மேற்பார்வையாளர் மட்டும் என் பின்னால் வந்து நின்றவர் நகரவில்லை.

"இடது கை காப்பி அடிக்குது" என்றார்.

"யாரைப் பார்த்து சார்?"

"வலது கையைப் பார்த்து."

தாள்களைப் பறித்துப் பார்த்தார். 'மனிதன் கண்ணாடியில் தன்னைப் பார்ப்பதில்லை, தன் சட்டையைத்தான் பார்க்கிறான்' என்ற வரி இரண்டிலும் இருந்தது.

மறுநாள் விசாரணை. தேர்வு அதிகாரிக்கு ஒரு பக்கம் ஆங்கிலப் பேராசிரியை, மறுபக்கம் தத்துவப் பேராசிரியர்.

"எங்க தாள்லதான் அந்த வரி அழகா வந்திருக்கு. அதனால அது எங்களோடது" என்றார் பேராசிரியை.

"யோசனை எங்க பக்கம் பொறந்ததும்மா. நீங்க பவுடர் போட்டு விட்டிருக்கீங்க."

"பவுடர் போடலைன்னா உங்க யோசனைய யாரு சார் வீட்டுக்குள்ள விடுவா?"

ஒருவன் தன்னையே பார்த்து எழுதினால் அது திருட்டா என்பதில் தேநீர் ஆறிப்போனது. எந்தக் கை முதலில் எழுதியது என்று என்னைக் கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. அந்த வரியை எழுதும்போது நான் எங்கே இருந்தேன் என்றே தெரியவில்லை.

தேர்வு அதிகாரிக்குப் பொறுமை போய்விட்டது. "தம்பி, ரெண்டுல ஒண்ண விட்டுடு. எதை விடுறேன்னு இங்கயே எழுதிக் குடு."

எந்தக் கையைக் கேட்பது? இரண்டின் முன்னாலும் ஒவ்வொரு தாள் வைத்தேன். சாட்சி சொல்ல வந்திருந்த பருந்து ஓடிவந்து, ஒன்றை ஒன்று பார்க்காதபடி நடுவில் பரீட்சை அட்டையை நிறுத்திப் பிடித்துக்கொண்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

இடது கை எழுதியது: 'ஆங்கிலத்தை விட்டுவிடுங்கள். கேள்வி கேட்காவிட்டால் இவனுக்குத் தூக்கம் வராது.'

வலது கை எழுதியது: 'தத்துவத்தை விட்டுவிடுங்கள். சொல்லத் தெரியாதவன் கேள்வியை வைத்துக்கொண்டு என்ன செய்வான்?'

பேராசிரியை வலது கைத் தாளை எடுத்துப் படித்தார். பேராசிரியர் இடது கைத் தாளைப் படித்துவிட்டு மூக்கைச் சிந்தினார்.

"இந்தத் தடவை காப்பி இல்ல" என்றார் பருந்து, கொஞ்சம் வருத்தமாக.

"அப்ப எதைத்தான் விடுறது?" என்றார் அதிகாரி.

"ரெண்டும் விட்டுக் குடுத்திருக்கு. இதுல யாரைத் தண்டிப்பீங்க?" என்றார் பேராசிரியர்.

"சார் சொல்றது சரி. அட்டவணைய மாத்துங்க" என்றார் பேராசிரியை.

மறுதேர்வு தனித்தனி நாளில் நடந்தது. ஆங்கிலத்தன்று வலது கை மேஜைமேல் சும்மா கிடந்தது. பருந்து அதற்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். ஓரிடத்தில் இடது கை மேலே எழுத முடியாமல் நின்றது. வலது கை ஒரு விரலால் மேஜையை மெல்லத் தட்டியது. இடது கை மறுபடி ஓடத் தொடங்கியது.

"தம்பி," என்றார் பருந்து, "அந்தக் கைய எடுத்துப் பாக்கெட்ல வை."