ராஜாவின் இரைப்பை

லோரிவாலுக்குப் பசிக்கவில்லை. ஐம்பத்து மூன்று வயதில் முதல் தடவையாகப் பசிக்கவில்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. காலைச் சாப்பாட்டைச் சாப்பிடும்போதே மத்தியானத்துக்கு என்ன என்று யோசித்து வாழ்ந்த மனிதர் அவர். இப்போது கூடத்து நாற்காலியில், கால்களை இறுக்கிப் பிடிக்கும் வெள்ளைக் காலுறையோடு, கையில் காப்பி குடிக்கிற சின்ன பிளாஸ்டிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார். கோப்பையில் வடிகட்டிய கோழிச் சாறு. பழைய லோரிவாலுக்கு அது தொண்டை நனையக்கூடக் காணாது. புதிய லோரிவால் அதை அரை மணி நேரம் வைத்துக்கொண்டு உறிஞ்ச வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"என்ன முறைக்கிற? குடி," என்றாள் மனைவி டிர்சி.

"குடிச்சிட்டுதானே இருக்கேன்."

"மெதுவா. அவசரப்படாத."

"அவசரப்பட இதுல என்னடி இருக்கு? பல்லியே இதைவிட ஜாஸ்தி குடிக்கும்."

சிரிக்கப் போனவர் பாதியில் நிறுத்தி, மடியிலிருந்த தலையணையை வயிற்றோடு சேர்த்து அமுக்கிக்கொண்டார். சிரித்தாலும் இருமினாலும் தையல் சுண்டி இழுத்தது. வயிற்றை வெட்டினார்கள், சரி. வலது தோள்பட்டை ஏன் வலிக்கிறது என்று அவருக்குப் புரியவே இல்லை. ஆபரேஷனுக்காக உள்ளே ஊதின காற்று மேலே ஏறியிருக்கிறது, நடந்தால்தான் இறங்கும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அதனால் கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடந்தார், சுவரைப் பிடித்துக்கொண்டு, ஊரே பார்த்துச் சிரிக்கிற மாதிரி.

நல்ல வேளையாக ஊருக்கு விஷயமே தெரியாது. அங்கேதான் வம்பு.

பிரேசிலின் மினாஸ் மலைகளுக்கு நடுவே இருக்கிற சான்டா லுசிலாவில் லோரிவால் என்று கேட்டால் யாருக்கும் ஆளைத் தெரியாது. மோமோ ராஜா என்றால் நாய்கூட வந்து வீட்டைக் காட்டும். கார்னிவல் நாலு நாளும் ஊரை ஆள்பவர் மோமோ ராஜா. மேயர் ஊர்ச் சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார். ராஜா என்றால் தொந்தி வேண்டும். அது பெரிய தொந்தியாக, ஊர் பெருமைப்படுகிற மாதிரி இருக்க வேண்டும். இருபது வருஷமாக அந்தப் பெருமை லோரிவாலுடையது. லாரியின் மேல் சிம்மாசனத்தில் அவர் வரும்போது தாய்மார்கள் கைக்குழந்தைகளைத் தூக்கிக் காட்டுவார்கள். கிழவர்கள் அதிர்ஷ்டத்துக்கு அவர் தொந்தியைத் தட்டிவிட்டுப் போவார்கள். தட்டினால் என்ன சத்தம் வரும் என்று அவருக்கே தெரியும்; அவ்வளவு தட்டு வாங்கியிருக்கிறார்.

சில வருஷமாகவே அந்தத் தொந்தியோடு ஒரு படி ஏற முடியவில்லை. சர்க்கரை, ரத்த அழுத்தம், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது. அரசாங்க ஆஸ்பத்திரியில் பெயரைக் கொடுத்துவிட்டு வருஷக்கணக்காகக் காத்திருந்தார்கள். கடைசியில் போன் வந்தது, கார்னிவலுக்கு முந்தின வாரம். வேண்டாம் என்றால் மறுபடி வரிசையின் வாலுக்குத்தான் போக வேண்டும். டிர்சி அவரிடம் கேட்காமலேயே வருகிறோம் என்று சொல்லிவிட்டாள். ஊருக்கு மட்டும், தங்கச்சி வீட்டுக்குப் போகிறேன், வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு லோரிவால் கம்பி நீட்டினார். இரைப்பையில் பெரும்பகுதியை வெட்டி எடுத்து, மிச்சத்தை ஒரு வாழைப்பழ அளவுக்குத் தைத்து அனுப்பிவிட்டார்கள். இன்றைக்கு வெள்ளிக்கிழமை.

வேடிக்கை என்னவென்றால், பார்ப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. தொந்தி அப்படியேதான் இருந்தது. வெளியே அதே ராஜா, உள்ளேதான் ஆட்சி கவிழ்ந்திருந்தது.

பக்கத்து வீட்டில் யாரோ பன்றிக்கொழுப்பைப் பொரித்தார்கள். அந்த வாசனை ஜன்னல் வழியாக வந்ததும் லோரிவாலுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வயிறு கேட்கவில்லை. வாய்தான் கேட்டது. வாய்கூட இல்லை, அதற்கும் பின்னால் எங்கேயோ ஒரு பழைய நாள் கேட்டது.

அந்த நாளில் அவர் ஒல்லி. ஒட்டடைக் கம்புக்குச் சட்டை போட்ட மாதிரி இருப்பார். கார்னிவல் ஊர்வலத்தின் பெரிய முரசை அவர் மாட்டிக்கொண்டால் முரசுதான் அவரை மாட்டிக்கொண்டது என்று கேலி செய்வார்கள். அப்போது ராஜா அனீசியு, கசாப்புக் கடைக்காரர். ஒத்திகை முடிந்ததும் முரசுக்காரர்கள் எல்லாரும் அவர் கடைக்குப் பின்னால் கூடுவார்கள். இரும்புச் சட்டியில் தோலோடு கொழுப்பு வெடித்துப் பொரியும். அனீசியு கையாலேயே அள்ளி, காகிதத்தில் போட்டு, "தின்னுடா ஒல்லிப்பயலே, முரசுக்குப் பின்னாடி ஆள் இருக்கான்னே தெரியல," என்று நீட்டுவார். லோரிவால் தின்றார். அவ்வளவு சந்தோஷமாக அதற்குமுன் யாரும் அவருக்கு எதையும் கொடுத்ததில்லை.

அந்த வருஷம்தான் ஆட்டக்காரிகள் வரிசையில் மஞ்சள் பாவாடையோடு டிர்சி வந்தாள். அவளைப் பார்த்துக்கொண்டே அடித்ததில் முரசு ஒரு அடி தப்பியது. ஒரு அடி தப்பினால் ஊர்வலம் முழுக்கக் கால் இடறும். அனீசியு லாரியை நிறுத்தச் சொல்லி, செங்கோலால் லோரிவாலைக் காட்டி, "அந்தப் பொண்ணைக் கட்டிக்கோ, இல்லாட்டி கண்ணைக் கட்டிக்கோ!" என்று ஊர் கேட்கக் கத்தினார். டிர்சி வெட்கப்படவில்லை, இடுப்பில் கைவைத்து அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அடுத்த கார்னிவலுக்குள் கல்யாணம் முடிந்தது. டிர்சியின் சமையலும் அனீசியுவின் சட்டியும் சேர்ந்து ஒல்லிப்பயலை ஆளாக்கின. அனீசியுவுக்குப் பின் ஊர் சுற்றிப் பார்த்தபோது, கிரீடத்துக்கு ஏற்ற தொந்தி லோரிவாலிடம்தான் இருந்தது.

"அழறியா?" என்றாள் டிர்சி.

"வெங்காயம்."

"இந்த வீட்ல மூணு நாளா வெங்காயமே உரிக்கல."

கதவு தட்டாமலே திறந்தது. தையற்காரி சுல்மீரா, கையில் சிவப்பு வெல்வெட் அங்கியோடு நின்றாள். அனீசியுவின் விதவை. ஒவ்வொரு கார்னிவல் வெள்ளியும் வந்து அங்கியை இடுப்பில் கொஞ்சம் பிரித்து அகலமாக்கிக் கொடுப்பாள். டிர்சி ஓடிப்போய் மறைப்பதற்குள் சுல்மீராவின் கண் காலுறை, தலையணை, சின்னக் கோப்பை எல்லாவற்றையும் பார்த்துவிட்டது.

"தங்கச்சி வீட்ல நல்லா கவனிச்சாங்க போலிருக்கே," என்றாள்.

"சுல்மீராக்கா, யார்ட்டயும் சொல்லிடாதீங்க," என்றார் லோரிவால்.

"நான் ஏன் சொல்றேன்? சாயந்தரம் அவங்களே வரப்போறாங்க. குவளையோட."

லோரிவால் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார். கார்னிவல் அவர் வீட்டு வாசலில்தான் தொடங்கும். முரசுக்காரர்கள் ஒரு பெரிய தகரக் குவளை நிறையப் பீர் கொண்டுவந்து தருவார்கள். ராஜா ஒரே மூச்சில் குடித்துவிட்டு, குவளையைத் தலைகீழாகக் கிரீடத்தின் மேல் கவிழ்த்துக் காட்டுவார். ஒரு சொட்டு விழக் கூடாது. அதற்கப்புறம்தான் முதல் முரசு. ஏமாற்ற வழியே இல்லை.

"ஒரே ஒரு குவளை," என்றார் லோரிவால் மெல்ல. "குடிச்சுக் காட்டிட்டா போயிடுவாங்க. அப்புறம் காய்ச்சல்னு சொல்லிப் படுத்துக்கறேன். நாலு நாளும் லாரி சும்மா போகட்டும்."

டிர்சி கையிலிருந்த கரண்டியை மேசைமேல் வைத்தாள். வைத்த விதத்தில் சுல்மீராகூட நிமிர்ந்து பார்த்தாள்.

"டாக்டரம்மா என்ன சொன்னாங்க? நுரை பொங்குற எதுவும் உள்ள போகக் கூடாது, தையல் விட்டா வயிறு பூரா சீழ் பிடிச்சுரும்னு சொன்னாங்களா இல்லையா?"

"சொன்னாங்க. ஆனா நான் குடிக்கலைன்னா நான் யாருடி? தொந்தியும் கரையப் போகுது. அப்புறம் என்னை யாரு கூப்பிடுவா? எதுக்குக் கூப்பிடுவா?"

அதை அவர் அவ்வளவு சின்னக் குரலில் கேட்டதில் டிர்சியின் கோபம் பாதி இறங்கிவிட்டது. மீதிப் பாதியோடு அவள் சொன்னாள்: "நீ குடிச்சா நான் தடுக்க மாட்டேன். உன் வாய், உன் வயிறு. ஆனா பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டு இருக்க மாட்டேன்."

சுல்மீரா அங்கியோடு அடுக்களைக்குப் போய் உட்கார்ந்தாள். இந்த வருஷம் பிரிக்க ஒன்றும் இல்லை. சும்மா ஊசியைக் கோத்து வைத்துக்கொண்டு இருந்தாள்.

வெயில் தாழ்ந்ததும் அவர்கள் வந்தார்கள். தெரு நிறைந்துவிட்டது. மின்னும் துணிகளும் முகமூடிகளும், தோளில் ஏறின குழந்தைகளுமாக ஒரே இரைச்சல். முன்னால் முரசுத் தலைவன் ஓஸ்மார், இரண்டு கையாலும் குவளையைத் தாங்கி வந்தான். லோரிவால் அங்கியும் கிரீடமுமாக வாசல் தாழ்வாரத்துக்கு வந்தபோது எழுந்த கூச்சலில் அவருக்குத் தோள் வலி, தையல் வலி எல்லாம் மறந்துபோனது. இந்தச் சத்தத்துக்காகத்தானே இத்தனை வருஷம் தின்றது என்று தோன்றியது.

"எங்கய்யா போயிருந்தீங்க, ராஜாவே? ஒரு வாரமா ஊருக்கு வயிறே இல்ல!" என்றான் ஓஸ்மார். தெரு சிரித்தது. குவளை கைக்கு வந்தது. நுரை விளிம்பில் நடுங்கியது. அந்த வாசனையில் இருபது கார்னிவலும் ஒன்றாக வந்து நின்றன.

"கவுத்து! கவுத்து! கவுத்து!" என்று தெரு கைதட்டத் தொடங்கியது.

லோரிவால் குவளையை உதட்டருகே கொண்டுபோனார். குடிப்பதற்கு முன்னால், வழக்கம்போல, இடது பக்கம் திரும்பினார். ஒவ்வொரு வருஷமும் டிர்சி அங்கேதான் துண்டோடு நிற்பாள். அவர் குவளையைக் கவிழ்த்ததும் தாடையிலிருந்து வழியும் நுரையைத் துடைப்பாள், "பன்னி மாதிரி குடிக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது," என்பாள், பிறகு நாலு நாளும் லாரியோடு மாத்திரைப் பையைச் சுமந்து நடப்பாள். இப்போது அந்த இடத்தில் ஒன்றும் இல்லை. வெறும் தூண், அதில் உரிந்த நீலச் சுண்ணாம்பு. அவள் இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று அவர் நினைக்கவில்லை. தான் செத்துப்போய் அவள் இங்கே தனியாக நிற்பதுதான் அவர் கண்ணில் தெரிந்தது.

குவளையை இறக்கினார்.

"என்னால முடியாது," என்றார். யாருக்கும் கேட்கவில்லை. "என்னால முடியாதுப்பா! ஆஸ்பத்திரியில என் இரைப்பையை வெட்டி எடுத்துட்டாங்க. மிச்சம் ஒரு வாழைப்பழம் அளவுக்குத்தான் இருக்கு. தங்கச்சி வீட்டுக்குப் போகல. பொய் சொன்னேன்."

கைதட்டல் ஒவ்வொன்றாக நின்றது.

"விளையாடாதீங்க," என்றான் ஓஸ்மார். அவர் முகத்தைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது. "ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாமில்ல? இப்ப நாங்க எங்க போய் ராஜாவைத் தேடறது?"

"ராஜா ராஜினாமாவா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "நாலு நாள் பொறுத்து வெட்டிக்கக் கூடாதா?" என்று இன்னொன்று. யாரோ ஒருத்தி, "இந்த வருஷம் கார்னிவல் விளங்கினாப்பலதான்," என்று முணுமுணுத்தாள். லோரிவால் தலையைக் குனிந்துகொண்டார். பயந்தது எதுவோ அதுதான் நடந்தது.

சுல்மீரா அடுக்களையிலிருந்து வந்தாள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. அவர் கையிலிருந்த குவளையை வாங்கி ஓஸ்மாரிடம் கொடுத்தாள். அவள் எப்போதும் சத்தமாகப் பேசுகிறவள் இல்லை. அதனால் தெரு காது கொடுத்தது.

"பெலார்மினு ராஜா செத்தப்ப நான் சின்னப் பொண்ணு," என்றாள். "சவப்பெட்டி வாசல் வழியா போகல, கதவைக் கழட்டினாங்க. அப்புறம் என் புருஷன். கார்னிவல் முடிஞ்ச மறுநாள், திருநீற்றுப் புதன் அன்னிக்குக் கடையிலயே விழுந்தாரு. எட்டுப் பேரு தூக்கினீங்க, ஓஸ்மார், நீயும்தான் தூக்கின. எல்லாரும் அழுதீங்க. அழுதுட்டு, அடுத்த தொந்தியைத் தேடினீங்க. நானும்தான், அங்கியைப் பிரிச்சுப் பிரிச்சுக் கொடுத்தேன்." கழுத்து நாடாவை உருவிக் கையில் சுற்றினாள். "இந்த ஊர்ல இதுவரைக்கும் முன்னாள் ராஜான்னு ஒருத்தன் இருந்ததே இல்ல. நான் சாகறதுக்குள்ள ஒருத்தனையாவது தெருவுல நடந்து போகப் பாக்கணும்."

ஓஸ்மார் குவளையைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். பிறகு பீரை வாசல்படியோரம் செடியில் ஊற்றிவிட்டு, காலிக் குவளையைத் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டு, முரசுக் கோலை எடுத்தான்.

லோரிவால் கிரீடத்தைக் கழற்றி சுல்மீராவிடம் கொடுத்தார். அங்கியைத் தானாகக் கழற்ற முடியவில்லை, கையைத் தூக்கினால் இழுத்தது. பின்னால் இரண்டு கைகள் வந்து அதை மெதுவாக உருவின. டிர்சிதான். கண் சிவந்திருந்தது.

"நடக்கச் சொல்லியிருக்காங்க இல்ல? வா, நடப்போம்," என்றாள்.

இரண்டு பேரும் படியிறங்கினார்கள். கூட்டம் வழிவிட்டது. முரசு தொடங்கியது, ஆனால் ஓஸ்மார் அவர் நடைக்கு ஏற்றபடி மெதுவாக அடித்தான். அவ்வளவு மெதுவாக அந்த ஊரில் யாரும் அந்தத் தாளத்தை அடித்ததில்லை. பின்னால் ஊரே நத்தை மாதிரி நகர்ந்தது. ரொட்டிக்கடை முனை வரைக்கும் வந்ததும் லோரிவாலுக்கு மூச்சு வாங்கியது. சுவரோரம் ஒதுங்கி நின்றார். ஊர்வலம் அவரைத் தாண்டி, வேகம் பிடித்து, சதுக்கத்தை நோக்கிப் போயிற்று. தாண்டிப் போகும்போது யாரும் தொந்தியைத் தட்டவில்லை. சிலர் கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள், சிலர் அதுவும் செய்யவில்லை. ராஜா இல்லாத வெற்று லாரி கடைசியாகப் போனது. அதைப் பார்த்து அவர் வாய்விட்டு அழுதார், தலையணை இல்லாததால் டிர்சியின் கையைத் தையல்மேல் அமுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"சதுக்கம் வரைக்கும் போகணும்போல இருக்குடி."

"இன்னிக்குப் போதும்," என்றாள் டிர்சி. "சதுக்கத்துக்கு அடுத்த வருஷம் போகலாம்."

சொன்னபின் அவளே திகைத்து நின்றாள். வருஷக்கணக்காக அந்த வீட்டில் யாரும் வாய் திறந்து அடுத்த வருஷம் என்று சொன்னதில்லை.